கருங்கல் தீவில் ஒரு நாள்: மிதிவண்டியில் ஒரு வரலாற்றுப் பாடம்



நம் நாட்டுத் தொடக்கப்பள்ளிகளில் 2014-ஆம் ஆண்டு முதல் நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு வரலாறு தனிப் பாடமாகக் கற்பிக்கப்பட்டு வருகிறது. மன்னர்களின் பெயர்களையும் ஆண்டுகளையும் பிள்ளைகள் மனனம் செய்துவிடுகிறார்கள். ஆனால், தாங்கள் நிற்கும் நிலத்துக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை அவர்களுக்கு உணர்த்துவது அவ்வளவு எளிதன்று. புத்தகத்தில் இருப்பது வரலாறு, வீட்டுக்கு வெளியே இருப்பது வெறும் தெரு என்றே பலரும் எண்ணுகிறார்கள். இந்த எண்ணத்தை மாற்றுவதற்கு நல்ல வழிகாட்டி ஒருவரும், ஆளுக்கொரு மிதிவண்டியும், ஒரு முழு நாளும் போதும். அதற்கு ஏற்ற இடமாக நான் கருதுவது ஜொகூர் நீரிணையில் உள்ள உபின் தீவு. அத்தீவின் வரலாற்றையும், அது தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களாகிய நமக்குச் சொல்லும் செய்தியையும் இக்கட்டுரையில் எழுத விழைகிறேன்.

தீவும் பயணமும்

ஜொகூரின் பாசிர் கூடாங் கரையில் நின்று தெற்கே பார்த்தால் நீரிணைக்கு அப்பால் பச்சைப் பசேலென ஒரு நிலப்பரப்பு தெரியும். அதுவே உபின் தீவு. சிங்கப்பூருக்குச் சொந்தமான அத்தீவின் பரப்பளவு ஏறத்தாழ 10 சதுரக் கிலோமீட்டர். சாங்கி முனைப் படகுத்துறையிலிருந்து சிறிய மரப்படகில் சென்றால் பத்து நிமிடங்களில் அங்குப் போய்ச் சேரலாம். பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் படகு புறப்பட்டுவிடும். அடுக்குமாடிகளுக்குப் பெயர்போன ஒரு நாட்டில், அடுக்குமாடியே இல்லாத தீவு இது. கிணற்று நீரையும் மின்னாக்கிப் பொறிகளையும் நம்பியே மக்கள் அங்கு நெடுங்காலம் வாழ்ந்தனர்.

படகுத்துறையை விட்டு ஏறியதும் மிதிவண்டி வாடகைக் கடைகள் வரிசையாக நிற்கும். குழுவாகச் செல்வோர் வழிகாட்டியுடன் செல்வதே சிறந்தது. நல்ல வழிகாட்டி புறப்படுமுன் ஒவ்வொரு வண்டியின் பிரேக்கையும், சக்கரத்தின் காற்றையும், இருக்கையின் உயரத்தையும் தாமே தொட்டுப் பார்ப்பார். தலைக்கவசம் சரியாகப் பொருந்துகிறதா என்று கவனிப்பார். பயணத்தில் அவர் முன்னே செல்வார். அனுபவமுள்ள மற்றொருவர் கடைசியாக வருவார். ஒவ்வொரு சந்தியிலும் நின்று தலைகளை எண்ணிய பிறகே அடுத்த பாதைக்குள் நுழைவார்கள். வகுப்பறையை நடத்தும் முறையும் இதுதானே! முன்னே செல்பவரை மட்டும் பார்த்துக்கொண்டிராமல், கடைசியாக வருபவருக்காகக் காத்திருப்பது ஆசிரியர்க்கும் உரிய பண்பன்றோ?

நாம் ஏறிச் செல்லும் வண்டிக்கும் ஒரு கதை உண்டு

மலைப்பாதை மிதிவண்டி என்பது பழங்காலத்து வண்டி அன்று. 1970-களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், மரின் வட்டாரத்தில் உள்ள தமல்பாயிஸ் மலையில் அது உருவானது. அங்கிருந்த இளைஞர்கள் சிலர் 1930-களிலும் 1940-களிலும் செய்யப்பட்ட, தடித்த சக்கரங்களைக் கொண்ட பழைய மிதிவண்டிகளை மலிவு விலைக்கு வாங்கி, மண்பாதை வழியே மலைமீதிருந்து கீழே ஓட்டி இறங்கினர். 1976-இல் அதையே ஒரு போட்டியாக நடத்தத் தொடங்கினர். அந்தப் போட்டிக்கு 'ரீபேக்' என்று பெயர். பின்னோக்கி மிதித்தால் நிற்கும் பழைய வகை பிரேக் அது. ஒருமுறை மலையிறங்கினால் சூட்டில் சக்கரக் குடத்திலுள்ள மசகு முழுவதும் உருகி எரிந்துவிடும். மீண்டும் மசகு அடைத்த பிறகே வண்டியை ஓட்ட முடியும். 'மீண்டும் அடைத்தல்' என்ற பொருளிலேயே அப்பெயர் வந்தது.

ஜோ பிரீஸ் என்பவர் 1970-களின் இறுதியில் இதற்கென்றே புதிய சட்டகங்களைச் செய்தார். கேரி ஃபிஷர், சார்லி கெல்லி, டாம் ரிட்சி முதலியோர் அத்தகைய வண்டிகளைச் செய்து விற்றனர். 1981-இல் பெரிய அளவில் தொழிற்சாலை உற்பத்தி தொடங்கியது. 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைப்பாதை மிதிவண்டி ஓட்டம் இடம்பெற்றது. பிறர் வேண்டாமென ஒதுக்கிய பழைய வண்டிகளிலிருந்து தொடங்கிய விளையாட்டு இருபது ஆண்டுகளில் உலக மேடையை எட்டிவிட்டது. வண்டியில் ஏறுமுன் இக்கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கள். தம் கையிலுள்ள பொருளுக்கும் வரலாறு உண்டு என்ற எண்ணம் அங்கேயே முளைவிடும்.

யானையும் பன்றியும் தவளையும்

உபின் தீவைப் பற்றி ஒரு பழங்கதை வழங்குகிறது. யானை, பன்றி, தவளை ஆகிய மூன்றும் சிங்கப்பூரிலிருந்து ஜொகூர்க் கரைவரை நீந்திச் செல்வதற்குப் போட்டியிட்டனவாம். கரை சேராதவை கல்லாகிவிட வேண்டும் என்பது நிபந்தனை. மூன்றுமே கரை சேரவில்லை. யானையும் பன்றியும் சேர்ந்து உபின் தீவாயின. தவளை அருகிலுள்ள செக்கூடு என்னும் சிறு தீவானது.

கதை கற்பனையே என்றாலும் அதில் 'கல்' என்ற செய்தி உண்மையானது. உபின் தீவு முழுவதும் கருங்கல்லால் ஆனது. இருபது கோடி ஆண்டுகளுக்கு முன்பே நிலத்தின் ஆழத்தில் உருகிய பாறைக் குழம்பு மெல்ல மெல்ல ஆறி இறுகியதால் தோன்றிய கல் அது. தீவின் பெயரும் கல்லிலிருந்தே வந்தது. மலாய் மொழியில் 'உபின்', 'ஜுபின்' என்னும் சொற்கள் தளத்தில் பதிக்கும் ஓடுகளைக் குறிக்கும். இத்தீவின் கல்லிலிருந்து அத்தகைய தளக்கற்கள் செய்யப்பட்டதால் அப்பெயர் நிலைத்தது என்பர். பழங்கதையையும் நிலவியலையும் சொல்லாராய்ச்சியையும் ஒரே இடத்தில் நின்று கற்பிக்கும் வாய்ப்பு எத்தனை ஆசிரியர்களுக்குக் கிடைக்கும்?

கல் எங்கே போனது?

சில ஆண்டுகளுக்கு முன்பு பிள்ளைகள் சிலருடன் இத்தீவுக்குச் சென்றிருந்தபோது, பெக்கான் கல்குவாரியின் பார்வை மேடையில் வண்டிகளை நிறுத்தினோம். கீழே பச்சை நிறத்தில் பெரிய நீர்நிலை. சுற்றிலும் செங்குத்தான பாறைச் சுவர்கள். நீரின் நடுவே மரங்களில் கொக்குகள் கூடு கட்டியிருந்தன. "அழகான ஏரி" என்றாள் ஒரு மாணவி. "இது ஏரி இல்லை, மனிதர்கள் தோண்டிய குழி" என்றார் வழிகாட்டி. உடனே ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் கேட்டான்: "ஐயா, இவ்வளவு பெரிய குழி என்றால், இதில் இருந்த கல்லெல்லாம் எங்கே போனது?"

அன்றைய நாளின் மிகச் சிறந்த கேள்வி அதுவே. அதற்கான விடை நம் கண்முன்னே, நாம் நாள்தோறும் கடக்கும் பாதையிலேயே இருக்கிறது.

உபின் தீவில் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே கல்லுடைக்கும் தொழில் தொடங்கிவிட்டது. பத்து பூத்தே என்று நாம் அழைக்கும் பாறைத் தீவில் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் கட்டப்பட்டபோது, உபின் தீவின் கருங்கல்லே அதற்குப் பயன்பட்டது. சிங்கப்பூரின் அரசாங்க நில அளவையாளராக இருந்த ஜான் டர்ன்புல் தாம்சன் அதனை வடிவமைத்துக் கட்டினார். 1850-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1851 அக்டோபரில் அதில் ஒளியேற்றப்பட்டது. 1855-இல் சிங்கப்பூரின் தெற்கே ஒளிவீசத் தொடங்கிய ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கத்துக்கும் உபின் கல்லே சென்றது. அந்தக் கட்டுமானத்தில் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளின் உழைப்பும் கலந்திருக்கிறது. அன்று சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்ட கைதிகளுள் சென்னை மாகாணத்தவரும் இருந்தனர் என்பது நம் மாணவர்கள் அறிய வேண்டிய செய்தி.

இவை எல்லாவற்றையும்விட நமக்கு நெருக்கமான ஒன்று உண்டு. அதுதான் ஜொகூர் பாலம். பாலம் என்று சொன்னாலும், உண்மையில் அது கடலில் கல்லைக் கொட்டி எழுப்பிய நீண்ட கரை. 1919-இல் பணி தொடங்கியது. உபின் தீவிலும் புக்கிட் தீமாவிலும் வெட்டியெடுத்த கருங்கற்களைப் படகுகளில் ஏற்றி வந்து நீரிணையில் கொட்டினார்கள். 1923 செப்டம்பரில் சரக்கு இரயில்கள் ஓடத் தொடங்கின. அடுத்த மாதம் பயணிகள் இரயிலும் ஓடியது. 1924 ஜூன் 28-இல் அதிகாரப்பூர்வத் திறப்பு விழா நடைபெற்றது. அதன் நீளம் 1,056 மீட்டர். ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் நம் பெற்றோர்கள் பலர் மோட்டார் சைக்கிளிலும் பேருந்திலும் அதைக் கடந்து வேலைக்குச் செல்கிறார்கள். அவர்களைத் தாங்கி நிற்கும் அடித்தளத்தில் உபின் தீவின் கல்லும் இருக்கிறது.

அந்த மாணவனிடம் இதைச் சொன்னேன். "எங்கள் அப்பா தினமும் அந்தப் பாலத்தில்தான் போகிறார்" என்றான் அவன். பிறகு மீண்டும் ஒருமுறை அந்தக் குழியை எட்டிப் பார்த்தான். பாடநூலில் பத்துப் பக்கங்கள் செய்ய முடியாததை அந்தக் குழி செய்துவிட்டது.

வழியோரத்துக் கித்தா மரங்கள்

தீவின் உட்புறப் பாதைகளில் செல்லும்போது, காட்டு மரங்களிடையே கித்தா மரங்கள் தென்படும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கும் கித்தாத் தோட்டங்கள் இருந்தன. இந்த மரத்தின் சொந்த ஊர் தென்னமெரிக்காவின் அமேசான் காடு. 1877-இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து 22 கித்தாக் கன்றுகள் சிங்கப்பூர்ப் பூமலைக்கு வந்து சேர்ந்தன. அவற்றுள் சில பேராக்கின் கோலகங்சாருக்குக் கொண்டு செல்லப்பட்டன. 1888-இல் பூமலையின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். தோட்ட முதலாளிகளைச் சந்திக்கும்போதெல்லாம் கித்தா விதைகளைக் கையில் திணிப்பாராம். அதனால் அவரைப் 'பித்தர்' என்றே பலர் அழைத்தனர்.

அந்தப் 'பித்தரின்' மரம்தான் நம் முன்னோரைக் கப்பலேற்றி இந்த மண்ணுக்குக் கொண்டு வந்தது. மலாயாவின் கித்தாத் தோட்டங்களில் பால்மரம் சீவிய கைகளில் பெரும்பாலானவை தமிழர் கைகள். இன்றைய பிள்ளைகளில் பலர் பால்மரத்தைத் தொட்டுப் பார்த்ததில்லை. அவர்கள் பிறக்குமுன்பே தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. அல்லது வீடமைப்புத் திட்டங்களாகிவிட்டன. பட்டையில் சாய்வாக இறங்கும் பழைய வெட்டுத் தழும்பைக் காட்டி, "உன் பாட்டி இருள் பிரியும் முன்பே எழுந்து இப்படித்தான் வெட்டினார்" என்று சொல்ல வாய்த்தால் அதைவிடச் சிறந்த பாடம் வேறென்ன?

மிதிவண்டியில் வந்த படை

இத்தீவில் மிதிவண்டி ஓட்டும்போது மற்றொரு மிதிவண்டிப் பயணத்தையும் பிள்ளைகளுக்கு நினைவூட்டுவது பொருத்தம். 1941 டிசம்பர் 8-இல் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் தரையிறங்கியது. அப்படையினர் ஆயிரக்கணக்கில் மிதிவண்டிகளில் ஏறித் தீபகற்பத்தின் சாலைகள் வழியாகவும் தோட்டப் பாதைகள் வழியாகவும் தெற்கு நோக்கி விரைந்தனர். சக்கரத்தின் ரப்பர் கிழிந்தால் வெறும் இரும்பு வளையத்திலேயே ஓட்டினர். இரவில் அந்த ஓசையைக் கேட்டவர்கள் டாங்கிகள் வருவதாக எண்ணி அஞ்சியதுண்டு. 1942 ஜனவரி 31-இல் பின்வாங்கிய பிரிட்டிஷ் கூட்டுப்படை ஜொகூர் பாலத்தின் ஒரு பகுதியை வெடிவைத்துத் தகர்த்தது. பிப்ரவரி 7-இல் ஜப்பானியர் உபின் தீவைக் கைப்பற்றினர். வடகிழக்கிலிருந்தே தாக்குதல் வரப்போகிறது என்று பிரிட்டிஷாரை நம்பவைக்கும் உத்தி அது. மறுநாள் இரவில் உண்மையான தாக்குதல் வடமேற்கில் நிகழ்ந்தது. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. உபின் கல்லால் எழுந்த பாலம் உடைந்ததும், உபின் தீவு பகைவர் கைக்குப் போனதும் ஒரே வாரத்தில் நிகழ்ந்தவை.

குழியைச் சுற்றி ஒரு பூங்கா

தீவின் மேற்குப் பகுதியில் கெத்தாம் கல்குவாரி இருக்கிறது. அதைச் சுற்றி 2008-இல் மலைப்பாதை மிதிவண்டிப் பூங்கா ஒன்று திறக்கப்பட்டது. ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளப் பாதைகள் அங்குள்ளன. அவற்றின் கடினத்தைக் குறியீடுகள் உணர்த்தும். நீலச் சதுரம் ஓரளவு எளிய பாதை. கறுப்பு வைரம் கடினமான பாதை. இரட்டைக் கறுப்பு வைரம் தேர்ந்தவர்க்கு மட்டுமே உரியது. மாணவர்களை நீலச் சதுரத்துக்கு அப்பால் அனுப்ப வேண்டா. ஏற்றத்தில் இறங்கித் தள்ளிச் செல்வதில் இழுக்கு ஒன்றுமில்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இறக்கத்தில் முன் பிரேக்கை மட்டும் திடீரென அழுத்தினால் வண்டி குப்புற விழும் என்பதையும் கற்பியுங்கள். குவாரி நீர் மிக ஆழமானது. வேலிக்கு அப்பால் ஒருவரும் செல்லலாகாது.

கல்லுடைக்கும் தொழில் 1970-களிலிருந்து குறைந்துகொண்டே வந்தது. 1990-களில் குவாரிகள் ஓய்ந்தன. தோண்டுவது நின்றதும் மழைநீரும் ஊற்றுநீரும் குழிகளை நிரப்பின. செடிகொடிகள் பாறைச் சுவர்களில் பற்றின. சிங்கப்பூரில் பல்லாண்டுகளாகக் காணாமற்போயிருந்த இருவாய்ச்சிப் பறவைகள் 1990-களில் இத்தீவில் மீண்டும் தோன்றின. மனிதன் புண்படுத்திய நிலத்தை இயற்கை ஆற்றிவிட்டது என்று மகிழலாம். ஆனால், இந்தக் குழிகளை நம்பி வாழ்ந்த மனிதர்கள் என்னவானார்கள்? இக்கேள்வியுடன் வண்டியைக் கிராமத்தின் பக்கம் திருப்புவோம்.

பள்ளி இருந்த இடம்

1950-களிலும் அதன் பின்னரும் உபின் தீவில் ஏறத்தாழ 2,000 பேர் வாழ்ந்தனர். சீனர்களும் மலாய்க்காரர்களும் அவர்களுள் பெரும்பான்மையினர். மலாய்ப் பள்ளி ஒன்று இருந்தது. தீவில் வாழ்ந்த சீன மக்கள் தம் கைப்பணத்தைச் சேர்த்து 1952-இல் பின் கியாங் பள்ளியை நிறுவினர். அதன் சிறப்பான காலத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் அங்குப் படித்தனர்.

பிறகு குவாரிகளில் வேலை குறைந்தது. கடலுக்கு அப்பால் தொழிற்சாலைகளும் அடுக்குமாடி வீடுகளும் எழுந்தன. இளைஞர்கள் வேலை தேடிச் சென்றனர். திருமணமானவர்கள் மின்சாரமும் குழாய்நீரும் உள்ள வீடுகளை நாடினர். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? முடியாது. எந்தப் பெற்றோரும் தம் பிள்ளைக்கு நல்வாழ்வையே விரும்புவர். பிள்ளைகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் சுருங்கியது. 1985-இல் பின் கியாங் பள்ளி மூடப்பட்டது. பள்ளி மூடப்பட்ட ஊரில் இளம் குடும்பங்கள் எப்படித் தங்கும்? எஞ்சியவர்களும் ஒவ்வொருவராகப் படகேறினர். 2000-ஆம் ஆண்டில் பள்ளிக் கட்டடமும் இடிக்கப்பட்டது. இன்று அத்தீவில் நிலையாக வாழ்வோர் சில பத்துப் பேர் மட்டுமே. அவர்களுள் பலர் முதியவர்கள்.

மணி ஒலித்த இடத்தில் இன்று கட்டடம் இல்லை. வழிகாட்டி சொல்லாவிட்டால் அங்கே ஒரு பள்ளி இருந்தது என்பதே வருவோர்க்குத் தெரியாது. கல்லை வெட்டிய இடம் குழியாகவேனும் நிலைத்துவிட்டது. கல்வி கொடுத்த இடம் தடமின்றி மறைந்துவிட்டது.

செக் ஜாவா கற்பிப்பது

தீவின் கிழக்கு முனையில் செக் ஜாவா என்னும் சதுப்புநிலக் கரை இருக்கிறது. மணற்கரை, பாறைக்கரை, கடற்புல் படுகை, பவளச் சிதைவுகள், அலையாத்திக் காடு, கரையோரக் காடு ஆகிய ஆறு வகை வாழிடங்கள் அங்கு அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. அந்தப் பகுதியை மண்ணிட்டு நிரப்பி நிலமாக்க அரசாங்கம் திட்டமிட்டிருந்தது. 2001-இல் பணி தொடங்கவிருந்த வேளையில், இயற்கை ஆர்வலர்களும் ஆய்வாளர்களும் மாணவர்களும் அங்குச் சென்று, கடல் வற்றும் நேரங்களில் உயிரினங்களைத் தேடிப் படமெடுத்தனர், எண்ணினர், பட்டியலிட்டனர். பொதுமக்கள் ஆயிரக்கணக்கில் நேரில் வந்து பார்த்தனர். கருத்துகளை எழுதி அனுப்பினர். 2001 டிசம்பரில் அத்திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. 2007-இல் அங்கே மரநடைபாதையும் பார்வைக் கோபுரமும் திறக்கப்பட்டன. 1930-களில் கட்டப்பட்ட பழைய ஆங்கிலேயப் பாணி வீடொன்று வருகையாளர் மையமாகப் புதுப்பிக்கப்பட்டது.

செக் ஜாவா எதனால் தப்பியது? அங்கே என்ன இருக்கிறது என்று உரிய காலத்தில் சிலர் எழுதி வைத்ததால்தான். கையில் சான்று இருந்ததால் அவர்கள் பேச முடிந்தது, கேட்பவர்களும் கேட்டனர். ஒரே தீவில் இரண்டு பாடங்கள்! பதிவு செய்யப்பட்ட கரை பிழைத்தது. பள்ளியோ, படித்தவர்களின் நினைவில் மட்டுமே வாழ்கிறது.

நமக்கு என்ன வேலை?

ஆசிரியர்களே, பெற்றோர்களே, இது எங்கோ கடலுக்கு அப்பால் உள்ள ஒரு சீனப் பள்ளியின் கதை என்று கடந்துவிட முடியுமா? 1957-இல் நம் நாட்டில் 800-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 500-க்குச் சற்று அதிகமாகவே எஞ்சியுள்ளன. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது சில மறைந்தன. சில ஒன்றாக இணைக்கப்பட்டன. சில ஊர்ப்புறத்துக்கு இடம் மாறின. 150-க்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட 'குறைந்த மாணவர் பள்ளிகள்' இன்றும் பல உள்ளன. உபின் தீவில் நடந்ததுதான் நம் தோட்டங்களிலும் நடந்தது. வேலை போனது, மக்கள் போனார்கள், பிள்ளைகள் குறைந்தார்கள்.

மக்கள் பட்டணம் நோக்கிச் செல்வதை நம்மால் தடுக்க இயலாது, தடுக்கவும் கூடாது. ஆனால் இரண்டு செயல்கள் நம் கையில் இருக்கின்றன. பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கையில் இருக்கிறது. நம் பள்ளியும் தோட்டமும் எப்படி இருந்தன என்பதை எழுதி வைப்பது ஆசிரியர் கையில் இருக்கிறது. முதலாவதைப் பற்றி நாம் மேடைதோறும் பேசுகிறோம். இரண்டாவதைப் பற்றிப் பேசுவது அரிது.

எனவே ஒரு வேண்டுகோள். உபின் தீவுக்குச் செல்ல வசதியில்லையென்றால் கவலை வேண்டா. உங்கள் பள்ளி பிறந்த தோட்டத்துக்கே பிள்ளைகளை மிதிவண்டியில் அழைத்துச் செல்லுங்கள். தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி பெறுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரைத் துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். வழிகாட்டிக்கு எங்கும் தேட வேண்டா. அந்தத் தோட்டத்தில் வேலை செய்த தாத்தா ஒருவரையோ பாட்டி ஒருவரையோ அழையுங்கள். வண்டி ஓட்ட இயலாதவராக இருந்தால் காரில் முன்னே செல்லட்டும். பிரட்டுக்களம் எங்கே இருந்தது, ஆயாக்கொட்டகை எங்கே இருந்தது, லயத்து வீடுகள் எத்தனை வரிசை, பாலை எங்கே நிறுத்தார்கள், முதல் பள்ளிக்கூடம் எந்த மரத்தடியில் நடந்தது என்று அவர் ஒவ்வோர் இடமாகக் காட்டட்டும். பிள்ளைகள் ஒவ்வோர் இடத்திலும் நின்று குறிப்பெடுக்கட்டும், படமெடுக்கட்டும், முதியவரின் குரலைப் பதிவு செய்யட்டும். திரும்பி வந்ததும் அனைவரும் சேர்ந்து ஒரு வரைபடம் தீட்டுங்கள். செம்பனைக்கும் புதிய வீடுகளுக்கும் அடியில் மறைந்துபோன ஊர் அந்தத் தாளில் மீண்டும் எழும்.

பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டைக் கறையான் தின்ன விடாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். பழைய வகுப்புப் படங்களில் இருப்பவர்களின் பெயர்களை, அறிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். பெயரில்லாத படம் இன்னும் இருபது ஆண்டுகளில் யாருக்கும் சொந்தமில்லாத படமாகிவிடும். பழைய மணி, பெயர்ப்பலகை, முதல் ஆண்டறிக்கை ஆகியவற்றுக்குப் பள்ளி நூலகத்தில் ஒரு மூலை ஒதுக்குங்கள். இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஒரு பள்ளி விடுமுறையும் நான்கைந்து பேரின் மனமும் இருந்தால் போதும்.

வரும் பள்ளி விடுமுறையில் உங்கள் ஊரில் இம்முயற்சியைத் தொடங்குங்கள். வண்டிகளின் பிரேக்கைச் சோதியுங்கள். தண்ணீர்ப் புட்டிகளை நிரப்புங்கள். குறிப்பேடும் எழுதுகோலும் மறவாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வழிகாட்டப்போகும் பாட்டியையோ தாத்தாவையோ இந்த வாரமே போய்ப் பாருங்கள். அவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.